பயிற்சியில் தூக்கும் எடை மேடையில் ஏன் கனக்கிறது?

சத்துவாச்சாரி அப்பா | ஞாயிறு, இரவு 10.15

என் மகளுக்குப் பதினாறு வயது. நான்கு ஆண்டுகளாகப் பளு தூக்குகிறாள். வேலூரில் இது அதிசயம் அல்ல. எங்கள் பகுதியின் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவில் 328 கிலோ தூக்கிக் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்டு கோஸ்டில் தொடைக் காயத்தோடு மறுபடியும் வாங்கினார். அதன் பிறகு இங்கே பளு தூக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "நீ எப்போது?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

போன வாரம் மாநில அளவிலான போட்டி. பயிற்சியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (பார் என்ற எடைக் கம்பியை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது) 80 கிலோவைத் தடுமாறாமல் தூக்குபவள், அங்கே 76-இல் தொடங்கினாள். மூன்று முயற்சியும் போய்விட்டன. ஸ்னாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) தூக்கியிருந்த 60 கிலோவும் பயனில்லாமல் போனது. இரண்டையும் கூட்டிய மொத்தக் கணக்கு இல்லாததால் தரவரிசையில் அவள் பெயரே வரவில்லை.

முதல் நாள் இரவு அவள் தூங்கவில்லை. காலையில் வாந்தி எடுத்தாள். தயார்ப்படுத்தும் அறையில் ஓயாமல் கொட்டாவி விட்டாள், "தூக்கம் வருகிறதா?" என்று மாஸ்டர் கடிந்துகொண்டார். கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நான் என்னால் முடிந்த மட்டும் "பயப்படாதே, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அப்பா, அங்கே என் கை என்னுடையதாகவே இல்லை."

இதை எப்படிப் புரிந்துகொள்வது? விளையாட்டில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய பார் | ஞாயிறு, இரவு 11.02

ஐயா, நான் இருபது ஆண்டுகள் பளு தூக்கியவன். கசப்பாக இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன். உழைப்பு போதவில்லை என்றால்தான் பயம் வரும். 80 கிலோவை நூறு முறை தூக்கியவளுக்கு 76 ஒரு பொருட்டாகவே இருக்கக்கூடாது. எங்கள் காலத்தில் பதற்றம் என்ற சொல்லே கிடையாது. காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் பயிற்சி, போட்டி நாளில் மேடை. பிள்ளையின் மனத்தைத் தடவிக் கொடுத்துப் பழக்காதீர்கள். பயிற்சியைக் கூட்டுங்கள்.

---

காட்பாடி மாணவி | திங்கள், காலை 6.40

பெரியவரே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கருத்தை ஏற்க முடியவில்லை. நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் கைப்பந்து ஆடியிருக்கிறேன்.

உழைப்பு போதாததுதான் காரணம் என்றால் மீராபாய் சானுவுக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்னாட்ச் முடித்துவிட்டு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியையும் இழந்தார். மொத்தக் கணக்கு இல்லை. இந்தத் தங்கைக்கு நடந்தது அப்படியே அவருக்கு நடந்தது. அடுத்த ஆண்டே 48 கிலோ பிரிவில் 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியன் ஆனார். டோக்கியோவில் 202 கிலோவுக்கு வெள்ளி. ரியோவில் அவர் உழைக்காமலா போயிருப்பார்?

அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகளிடம் நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு விஷயங்கள். சில்லிட்ட கை, வாந்தி, படபடப்பு, கொட்டாவி ஆகியவை உடம்பின் பதற்றம். கொட்டாவியைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; போட்டிக்கு முன் கொட்டாவி விடும் வீரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "தோற்றால் என்ன ஆகும், எல்லாரும் பார்க்கிறார்களே" என்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பது எண்ணத்தின் பதற்றம். ரெய்னர் மார்டன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-இல் விளையாட்டுப் பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளை வெளியிட்டபோது இவ்விரண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். தன்னம்பிக்கையை மூன்றாவதாகச் சேர்த்தார்கள். உடம்பின் பதற்றம் பெரும்பாலும் போட்டி நெருங்க நெருங்க ஏறி, ஆட்டம் தொடங்கியதும் இறங்கிவிடும். எண்ணத்தின் பதற்றம் அப்படி இறங்காது. ஒரு முயற்சி தவறினால் அங்கிருந்து இன்னும் ஏறும்.

இனி "என் கை என்னுடையதாகவே இல்லை" என்ற வாக்கியம். இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நன்கு பழகிய அசைவை நாம் யோசித்துச் செய்வதில்லை. மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைப்பது என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும். ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் கோல்ஃப் ஆட்டத்தை வைத்து இதைச் சோதித்தார். விதிகளை மனப்பாடமாகக் கற்றவர்கள், விதி எதுவும் அறியாமல் ஆடி ஆடியே பழகியவர்களைவிட, நெருக்கடியில் அதிகம் தடுமாறினார்கள். பயம் வந்ததும் மனம் பழைய விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு உடம்பை மேய்க்கத் தொடங்கிவிடுகிறது.

தங்கை மேடைக்குப் போகும்போது மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

---

சத்துவாச்சாரி அப்பா | திங்கள், காலை 7.25

கேட்டேன். முதல் முயற்சிக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். அது தவறிய பிறகு "முழங்கையைப் பூட்டு, மார்பை உயர்த்து, முன்னால் சாயாதே, காலைச் சரியாக வை" என்று ஐந்தாறு கட்டளைகள். மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நல்ல மனிதர், என் மகளிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவருக்கும் அன்று வியர்த்துக் கொட்டியது.

---

குடியாத்தம் கபடி | திங்கள், மதியம் 1.30

இருபத்தைந்து பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஆட்டத்தில் பயத்தை மறைக்க முடியாது, ஏனென்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பாடிப் போகும் பையனுக்கு முப்பது விநாடிதான். நன்றாகப் பாடிக்கொண்டிருப்பவன், புள்ளியில்லாத இரண்டு ரைடுகளுக்குப் பிறகு வரும் மூன்றாவது ரைடில், அதாவது புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற ரைடில், கோட்டைத் தாண்டியதும் குரல் மெலிந்துவிடும். எதிரணியில் மூலையில் நிற்பவன் அதற்குத்தான் காது கொடுத்துக் காத்திருப்பான். குரல் உடைந்த அடுத்த நொடி கணுக்காலைப் பிடித்துவிடுவான்.

அதனால் நான் காலைப் பார்ப்பதைவிடக் குரலைத்தான் அதிகம் கேட்பேன். எங்களுக்குப் பாடுவதே மூச்சை நீளமாக விடுவதுதான், அது ஒரு வரம். பளுதூக்குபவர் மூச்சை அடக்கித்தான் தூக்க வேண்டும். எனவே மூச்சைச் சீராக்குவதை அந்தப் பெண் மேடை ஏறுவதற்கு முன்பே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கபடியில் பயந்தவன் மற்ற ஆறு பேருக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம். உங்கள் மகளுக்கு ஒளிய இடம் இல்லை. மேடை, பார், மூன்று நடுவர்கள். அதை நினைத்தாலே அவள் மீது எனக்கு மரியாதை வருகிறது.

---

பழைய பார் | திங்கள், மாலை 5.50

மீராபாய் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஆய்வு என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் பயத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பயிற்சியாளர் வகுப்பொன்றில் எனக்கும் ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார்கள். கொஞ்சம் பதற்றம் நல்லது, மிஞ்சினால் கெட்டது, நடுவில் உச்சம் என்று. அப்படியென்றால் நடுவில் நிறுத்துவது யார் வேலை? வீரனின் வேலைதானே?

---

காட்பாடி மாணவி | திங்கள், இரவு 8.10

அந்த வளைகோட்டுக்கு அடிப்படை 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த சோதனை. எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து எப்போது விரைவாகக் கற்கின்றன என்று பார்த்தார்கள். அதை அப்படியே மேடையில் நிற்கும் பெண்ணுக்குப் பொருத்துவது சரியில்லை. பின்னால் வந்த யூரி ஹானின் என்ற ஆய்வாளர், ஒவ்வொருவருக்கும் உச்சம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது என்றார். ஒருவர் கொதித்துக்கொண்டிருக்கும்போது நன்றாக ஆடுவார், மற்றவர் அமைதியில் ஆடுவார். உங்களுக்குக் கொதிப்பு ஒத்துவந்திருக்கலாம் பெரியவரே. அதே கொதிப்பு இந்தத் தங்கைக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை.

"பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாக அப்பா எழுதியிருந்தார். தவறு என்று சொல்லி உங்களைப் புண்படுத்த மாட்டேன். ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது அமைதியாகு என்றால் உடம்பால் முடியாது. அது வெகு தூரம். முடியவில்லையே என்ற கவலை புதிதாகச் சேர்ந்துகொள்ளும். பயத்திலிருந்து ஆர்வத்துக்குப் போவது அருகில், ஏனென்றால் இரண்டிலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் முன்னால் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். "உன் உடம்பு தயாராகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். அது பொய் இல்லை. உண்மையிலேயே அதற்குத்தான் அந்த இரத்தம் ஓடுகிறது.

---

ஆற்காட்டு அக்கா | திங்கள், இரவு 9.35

நான் 400 மீட்டர் ஓடியவள். இதுவரை எழுதிய யாரும் கேட்காத மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். அப்பா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று அவள் என்ன சாப்பிட்டாள்? எடைப் பிரிவுக்குள் வர வேண்டும் என்று முதல் நாள் மதியத்திலிருந்து வயிற்றைக் காயப்போட்டிருந்தால், தண்ணீரையும் குறைத்திருந்தால், கை நடுங்கத்தான் செய்யும், நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால். அந்த இரண்டு மணி நேரத்தில் இட்லியோ வாழைப்பழமோ உள்ளே போனதா? பசியால் வந்த நடுக்கத்தைப் பயம் என்று பெயரிட்டுப் பிள்ளையைக் கோழையாக்கிவிடாதீர்கள்.

அது மாதவிடாய் நாளா? மாஸ்டரிடம் இதைச் சொல்ல அவளுக்கு வழி இருக்கிறதா? அங்கே ஒரு பெண் பயிற்சியாளராவது உண்டா?

போட்டி உடையில் மேடையில் நிற்பது அவளுக்குச் சங்கடமாக இருக்கிறதா? உடலை ஒட்டிய அந்த உடையில், வரிசையாகக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு முன்னால், கால் அகட்டிக் குனிய வேண்டும். நான் ஓடிய நாள்களில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நான் பயந்ததில்லை. எல்லாரும் பார்க்க டிராக் சூட்டைக் கழற்ற வேண்டிய அந்த நிமிடத்துக்குத்தான் பயந்தேன். என் பயிற்சியாளர் அதை எட்டு ஆண்டுகள் போட்டி பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

---

சத்துவாச்சாரி அப்பா | செவ்வாய், இரவு 10.50

அக்கா, உங்கள் கேள்விகளை என் மனைவி கேட்டாள். முதல் நாள் காலையில் இரண்டு இட்லி. அதன் பிறகு எடை பார்க்கும் வரை ஒன்றுமில்லை. எடை பார்த்த பிறகு வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை, ஒரு கிளாஸ் ஜூஸ் மட்டும் குடித்தாளாம். நான் அங்கேயே இருந்தும் இதைக் கவனிக்கவில்லை. இராணிப்பேட்டையில் ஷூ தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன் நான். உணவை அளந்து பார்க்கத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை சாப்பிட்டாளா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அவள் அம்மாவிடம் பதில் சொல்லியிருக்கிறாள். அதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் கேட்டது மிகச் சரி என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாளாம். போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் நான் பக்கத்து இருக்கைக்காரரிடம், "இந்தச் சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்துவிடும், பிறகு வேலைக்கும் கவலை இல்லை" என்று பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தேன். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. பாரைக் குனிந்து பிடித்தபோது அந்தப் பேச்சுதான் காதில் கேட்டதாம்.

---

குடியாத்தம் கபடி | புதன், காலை 6.15

ஐயா, மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள். எங்கள் பகுதியில் எந்த அப்பா அதைப் பேசாமல் இருக்கிறார்? நம்மைப் போன்ற வீடுகளில் பதக்கம் என்பது அலமாரியில் வைக்கும் பொருள் இல்லை, மாதச் சம்பளம். அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் தூக்குகிறார்கள்.

---

சோளிங்கர் வில் | புதன், மதியம் 12.20

வணக்கம். நான் வில்வித்தை பயில்கிறேன், வயது 19. நாணை இழுத்து நிறுத்தும்போது கை நடுங்குகிறது. படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போ என்று ஒரு நண்பன் சொல்கிறான். மருந்துக்கடையில் வாங்கித் தருவதாகவும் சொல்கிறான். போடலாமா?

---

காட்பாடி மாணவி | புதன், மதியம் 12.45

வேண்டவே வேண்டாம் தம்பி. அது பீட்டா பிளாக்கர் வகை. வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாள்களிலும் தடை செய்யப்பட்ட மருந்து. சோதனையில் சிக்கினால் உன் பெயர் கெடும். அதைவிட முக்கியமானது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்கே ஆபத்து. மருத்துவர் நேரில் பார்த்து எழுதித் தராத மாத்திரையை நண்பன் கையிலிருந்து வாங்காதே.

நடுக்கம் போட்டி நாளில் மட்டும் வருகிறதா, மற்ற நாள்களிலும் தூக்கமில்லாமல், பசியில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இரண்டாவது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊரில் மனநல மருத்துவமனை இருக்கும் பாகாயம் என்றாலே ஏளனமாகப் பேசும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அது தாங்கமுடியாத கோபத்தைத் தருகிறது. தோள்பட்டை வலித்தால் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள், மனம் வலித்தால் மட்டும் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிறார்கள். டோக்கியோவில் 2021-இல் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய்விட்டது என்று அணிப் போட்டியின் நடுவில் விலகினார். எத்தனை பேர் அவரை ஏசினார்கள்! அந்த நிலையில் குதித்திருந்தால் கழுத்து முறிந்திருக்கக்கூடும். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார்.

---

பழைய பார் | வியாழன், இரவு 11.40

மூன்று நாள்களாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

1986-இல் வெளிமாநிலத்தில் ஒரு போட்டி. எனக்கு 23 வயது. முதல் முயற்சி தவறியது. அடுத்து அதே எடையை வேறு யாரும் கேட்கவில்லை. நானே மறுபடியும் தூக்க வேண்டும். வேறொருவர் இடையில் வந்திருந்தால் மூச்சு வாங்கியிருக்கலாம். கூட்டம் முழுவதும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பேசியது எதுவும் கேட்கவில்லை. எழுந்து போனேன், முட்டிக்கு மேல் பார் ஏறவில்லை. மூன்றாவதைத் தூக்கப் போகவே இல்லை. தசை பிடித்துக்கொண்டது என்றேன்.

தசை பிடிக்கவில்லை. வீட்டில் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்கள். "எங்கள் காலத்தில் பதற்றம் என்ற சொல்லே கிடையாது" என்று எழுதினேன். சொல் இல்லை என்பது உண்மை. சொல் இல்லாததால் தசை என்று சொன்னேன்.

அந்தக் குழந்தையிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். மூன்று முயற்சிகளில் எது அதிகக் கொடுமையாக இருந்தது?

---

சத்துவாச்சாரி அப்பா | வெள்ளி, இரவு 8.05

வணக்கம். அப்பா பெயரில் நான்தான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

தாத்தா, தூக்கியதைவிடக் காத்திருந்ததுதான் கொடுமை. எனக்கும் அப்படித்தான் நடந்தது. 76 தவறியதும் அடுத்து நானேதான். இரண்டு நிமிடம் கடிகாரம் ஓடியது. பயிற்சியில் எனக்கு யாரும் கடிகாரம் வைத்ததில்லை. இஷ்டம்போல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தோழியிடம் பேசி, பிறகு தூக்குவேன். அங்கே எண்கள் குறைந்துகொண்டே வந்தன. எச்சரிக்கை மணி அடித்தபோது கையில் மக்னீசியம் பொடி போட்டேனா என்றுகூட நினைவில்லை. நடுவர்கள் மூவரும் என்னையே பார்த்தார்கள். முயற்சி தவறு என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் அது கண்ணுக்குள்ளேயே இருந்தது. மூன்றாவது முயற்சியில் பாரை நான் பார்க்கவே இல்லை, விளக்கைத்தான் பார்த்தேன்.

விட்டுவிடலாமா என்று அம்மா கேட்டார்கள். எனக்கு விட மனமில்லை. மாஸ்டரிடம் நேற்றுப் பேசினேன். மேடைக்குப் போகும்போது ஒரே ஒரு சொல் மட்டும் சொன்னால் போதும் என்றேன். என்ன சொல் என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த போட்டியில் 72-இல் தொடங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா அரங்கத்துக்குள் வரலாம், ஆனால் பஸ்ஸில் யாரிடமும் பேசக்கூடாது.

இன்றும் பயம் போகவில்லை. இதை எழுதும்போதுகூட உள்ளங்கை வியர்க்கிறது.

---

பழைய பார் | வெள்ளி, இரவு 8.30

கண்ணு, நான் சத்துவாச்சாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். உன் மாஸ்டரும் அப்பாவும் சம்மதித்தால் செவ்வாய், வியாழன் மாலைகளில் வருகிறேன். என்னிடம் விசில் இருக்கிறது, பெரிய எண் தெரியும் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுகிறேன். உன்னை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு நிமிடம் ஓட விடுவேன். தெருப்பிள்ளைகளைக் கூட்டி வந்து எதிரில் உட்கார வைப்பேன். நடுவர் மாதிரி முன்னால் உட்கார்ந்து வெள்ளை அட்டை காட்டுவேன்.

---

சத்துவாச்சாரி அப்பா | வெள்ளி, இரவு 8.41

வாருங்கள் தாத்தா. ஐந்தரைக்கு மேல் மாஸ்டர் இருப்பார். சிவப்பு அட்டையையும் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்த பிறகு எழுந்து போய்த் தூக்கத்தான் எனக்குப் பழக வேண்டும்.